‘கொம்பியூட்டர் போட்டது’ என்றால் போதுமா? – சுற்றுப்போட்டிகளில் சோடி சேர்க்கும் கணக்கு

எங்கள் பக்கத்தில் நடக்கும் சுற்றுப்போட்டிகளில் அரைவாசிக்கு மேல் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாக நடப்பவை. கழகத்தின் பழைய வீரர், இடப்பெயர்வில் இறந்த அண்ணர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகளின் தகப்பன். கிண்ணத்தைக் கொடுப்பதற்கு அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கிண்ணம் ‘நீங்கள் உங்கட ஆக்களுக்குச் சார்பாகச் சீட்டுப் போட்டுவிட்டீர்கள்’ என்ற சண்டையில் முடிவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வருவது எவ்வளவு பெரிய அவமானம் என்பது கழகம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

சதுரங்கமோ கரமோ, இந்தச் சண்டைகளில் மிகச் சில மட்டுமே பலகையில் நடந்த ஆட்டத்தைப் பற்றியவை. யார் யாரோடு ஆடுவது, யாருக்கு ஆடாமலே அடுத்த சுற்று, சம புள்ளி வந்தால் யார் மேலே என்பவற்றைப் பற்றித்தான் மிகுதி எல்லாம். ஒரு பந்து உருள முன்னரே, ஒரு காய் நகர முன்னரே, ஏற்பாட்டாளரின் மேசையில் முடிந்துபோகும் விடயங்கள் இவை. இப்போது அந்த மேசையில் ஒரு மடிக்கணினி வந்துவிட்டது. சதுரங்கப் போட்டிகளில் சோடி சேர்ப்பது அநேகமாக மென்பொருள்தான். அது என்ன செய்கிறது, எதைச் செய்ய முடியாது என்பதைப் பெற்றோரும் பயிற்றுநர்களும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் நாம் பழகிய முறையைப் பார்ப்போம். விலகல் முறை: தோற்றால் வீட்டுக்கு. ஒரு போட்டிக்கு 22 அணிகள் பதிந்தால் கணக்கு உடனே இடறும். 2, 4, 8, 16, 32 என்றுதான் இந்த முறை போகும். 22ஐ 32இன் சட்டத்துக்குள் போட்டால் 10 இடங்கள் வெறுமை. அதாவது 10 அணிகளுக்கு ‘பை’ எனப்படும் இலவசச் சுற்று. மிகுதி 12 அணிகள்தான் முதற் சுற்றில் மோதும். அந்தப் பத்துப் பேர் யார்? வழமையாக ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, கிண்ணத்துக்குள் இருந்து துண்டு எடுக்கச் சொல்வோம். அது நேர்மையானதுதான், எல்லோர் முன்னிலையிலும் எடுத்தால். முதல் நாள் இரவு செயலாளரின் வீட்டு விறாந்தையில் எடுக்கப்பட்ட துண்டை யாரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு.

ஆனால் எல்லோர் முன்னிலையிலும் நேர்மையாக எடுத்த துண்டும் நியாயமான முடிவைத் தராது என்பதுதான் விசித்திரம். இதை 1883ஆம் ஆண்டிலேயே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த கதையை எழுதிய லூயிஸ் கரோல்தான் அவர். உண்மையில் ஒக்ஸ்போர்டில் கணிதம் படிப்பித்தவர். புல்தரை டெனிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். 32 பேர் ஆடும் விலகல் முறைப் போட்டியில், சிறந்தவர் எப்போதும் வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிறந்தவர் இறுதிப் போட்டிக்கு வருவாரா? அவர் சட்டத்தின் மறு பாதியில் விழுந்தால் மட்டுமே வருவார். மிகுதியான 31 இடங்களில் 16 இடங்கள் மறு பாதியில் இருக்கின்றன. ஆக, வாய்ப்பு 31க்கு 16. ஏறத்தாழ காசு சுண்டுவது போலத்தான். இரண்டாம் பரிசை யாருக்குக் கொடுப்பது என்பதைத் திறமை தீர்மானிப்பதில்லை, துண்டு எடுத்த சின்னப் பிள்ளையின் விரல் தீர்மானிக்கிறது.

கரோலின் தீர்வு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொருவருக்கும் எதிரே, அவரை வென்றவர்களின் பட்டியலை வைத்திருப்பது. வென்றவரை வென்றவரும் அதில் சேர்வார். மூன்று பேர் மேலே என்று உறுதியானால்தான் ஒருவர் நீக்கப்படுவார், ஏனென்றால் பரிசுகள் மூன்று. கையால் நடத்துவதற்கு அது சிக்கலான முறை.

எனக்கு இரண்டாம் பரிசை விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. சாவகச்சேரி ஏ9 வீதியிலும் புகையிரதப் பாதையிலும் இருக்கிறது. யாழ் நகரிலிருந்தும் வரலாம், கொடிகாமம் வழியாக வடமராட்சியிலிருந்தும் வரலாம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கும் யாழ் நகரத்தை விட இது கிட்ட. வடக்கு மட்டத்தில் ஒரு சதுரங்கப் போட்டியை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஆனால் 32 பிள்ளைகளை வைத்து விலகல் முறையில் நடத்தினால், முதற் சுற்று முடிந்தவுடன் 16 பேருக்கு வேலை முடிந்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறி, தாயின் ஒரு நாட் கூலியைச் செலவழித்து வந்த பிள்ளை பத்து மணிக்கு மதிலோரம் நிற்கும். அதுவும் அநேகமாக மிகத் தூரத்திலிருந்து வந்த பிள்ளையாக இருக்கும். பயிற்றுநர் இல்லாத பாடசாலைகள் தூரத்தில்தான் இருக்கின்றன. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வராது.

இதற்காகத்தான் சுவிஸ் முறை. 1895இல் சூரிச் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் ஜூலியஸ் முல்லர் என்ற பாடசாலை ஆசிரியர் இதை முதன்முதலில் பயன்படுத்தினார். பெயர் அப்படித்தான் வந்தது. யாரும் வெளியேறுவதில்லை. எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். ஒரு முறை மோதியவர்கள் மீண்டும் மோதுவதில்லை. 32 பேருக்கு 5 சுற்றுப் போதும். முதற் சுற்றில் பட்டியலின் மேற்பாதி கீழ்ப்பாதியோடு மோதும்: 1ஆம் இலக்கம் 17ஆம் இலக்கத்தோடு, 2 என்றால் 18. இரண்டாம் சுற்றில் வென்ற 16 பேர் தங்களுக்குள், தோற்ற 16 பேர் தங்களுக்குள். சமநிலை இல்லை என்று வைத்தால், மூன்று சுற்று முடியும்போது மூன்றும் வென்றவர்கள் 4 பேர், மூன்றும் தோற்றவர்களும் 4 பேர். நான்காம் சுற்றில் முதன்முறையாக வந்த பிள்ளைக்கு எதிரே, தன்னைப் போலவே மூன்றும் தோற்ற இன்னொரு பிள்ளை உட்காரும். அந்த ஆட்டம் வெல்லக்கூடியது. வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு வெற்றி கிடைக்கும்.

செலவும் உண்டு. விலகல் முறையில் 31 ஆட்டங்களில் முடியும் போட்டி இங்கே 80 ஆட்டங்களாகும். கடைசிச் சுற்று வரை 16 பலகையும் வேண்டும், கடிகாரமும் வேண்டும். ஆளுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மதிய உணவோடு மூன்றரைக்கு முடிக்கலாம். கடைசிப் பஸ்ஸைக் கணக்கில் எடுத்துத்தான் சுற்றுகளைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த வேலையைக் கையால் செய்யலாம், முன்னர் செய்தார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் எதிராளி, நிறம், புள்ளி. சுற்று முடிய அட்டைகளைப் புள்ளிவாரியாக அடுக்கி, பாதியாகப் பிரித்து, சோடி சேர்ப்பது. கஷ்டம் மூன்றாம் சுற்றில் தொடங்கும். இவர் அவரோடு ஏற்கனவே ஆடிவிட்டார், இவருக்குத் தொடர்ந்து இரண்டு முறை கறுப்பு, அவர் போன சுற்றில் இலவசப் புள்ளி பெற்றவர். ஒன்றைத் திருத்த இன்னொன்று குலையும். சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் விதிப்படி ஒருவர் ஒரு நிறத்தில் மற்றதை விட இரண்டுக்கு மேல் கூடுதலாக ஆடக்கூடாது. ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வரக்கூடாது, கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்குச் சிறு விலக்கு உண்டு. இவ்வளவையும் ஒரே நேரத்தில் பார்க்கத்தான் கணினி. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் ஹெர்சோக் எழுதிய சுவிஸ்-மனேஜர் உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது. காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் முடிவுகள் செஸ்-ரிசல்ட்ஸ் இணையத்தளத்தில் ஏறும். பிபிபி-பெயரிங்ஸ் போன்ற இலவச நிரல்களும் உண்டு. லிசெஸ் தளத்தின் சுவிஸ் போட்டிகளில் சோடி சேர்ப்பது அதுதான். சோடி சேர்க்க இணைய இணைப்புத் தேவையில்லை, முடிவை ஏற்றத்தான் தேவை.

சரி, கணினி வந்தாயிற்று. சண்டை நின்றதா? இல்லை. ‘என்ர பிள்ளைக்கு ஏன் இந்த ஆள் வந்தது?’ என்று ஒரு தாய் கேட்டால், ‘கொம்பியூட்டர் போட்டது அம்மா’ என்று பதில் வருகிறது. இதைப் பல மண்டபங்களில் கேட்டிருக்கிறேன். அது பதிலே அல்ல. சம்மேளனத்தின் சுவிஸ் முறைக்கான அடிப்படை விதிகளிலேயே ஒன்று இருக்கிறது: சோடி சேர்க்கும் விதிகள், அந்தப் பொறுப்பில் உள்ளவர் விளக்கிச் சொல்லக்கூடிய அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். கணினி பாவித்தாலும் அது பொருந்தும். ‘உங்கட பிள்ளை இரண்டு புள்ளி, இரண்டு புள்ளியில் எட்டுப் பேர் இருக்கினம், அதில மேல் நாலு பேருக்குக் கீழ் நாலு பேர், இரண்டு பேர் முன்னமே ஆடிவிட்டதால் ஒரு இடம் மாறியிருக்கு’ என்று நடுவர் சொல்ல முடிய வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.

சுவரில் ஒட்டிய பட்டியலைச் சனம் சும்மா நம்பாது என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நிவாரணப் பட்டியல், முகாமிலிருந்து விடும் பட்டியல், வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்ட பட்டியல் என்று சுவரில் தங்கள் பெயரைத் தேடியே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. பெயர் இல்லாதபோது ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரு சதுரங்கப் போட்டிப் பட்டியலின் முன்னால் பெற்றோர் சந்தேகத்தோடு நிற்பதை ‘விளையாட்டு அறிவு இல்லாத சனம்’ என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

சந்தேகத்துக்கு இடமும் இருக்கிறது. மென்பொருள் உள்ளே போட்டதைத்தான் வெளியே தரும். முதலாவது, ஆரம்பப் பட்டியல். சம்மேளனத்தின் தரப்புள்ளி உள்ளவர்களுக்கு அதன்படி வரிசை. தரப்புள்ளி இல்லாதவர்கள் எல்லோரும் கீழே, ஆங்கில அகரவரிசையில். 2024 மார்ச் முதல் தரப்புள்ளியின் அடித்தளமே 1400 ஆகிவிட்டது. தொடக்க நிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் தரப்புள்ளி இல்லாதவர்கள்தான். ஆக, எங்கள் பக்கத்துப் போட்டியில் வரிசை என்பது பெயர் எழுத்துத்தான். வலயப் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளை கடைசிக்குப் போகலாம், அதோடு முதற் சுற்றில் இரண்டு நல்ல பிள்ளைகள் மோதலாம். வேறு வரிசை வேண்டுமென்றால், உதாரணமாகப் போன வருட வலய முடிவின்படி என்று, அதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடலாம். போட்டி தொடங்கிய பின் மாற்றினால்தான் தவறு.

இதோடு எங்கள் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்று. தகப்பன் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா? ஒரே பிள்ளை ஒரு போட்டியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடுத்த போட்டியில் இன்னொன்று. அகரவரிசையில் இடம் மாறுவது மட்டுமல்ல, ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு விழுந்து, ஆடிய ஆட்டங்கள் இரண்டாகப் பிரிந்தும் போகும். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தை முதற் தடவையே கொடுத்து, அதையே எப்போதும் கொடுப்பதுதான் வழி.

இரண்டாவது, நேரம். முதற் சுற்று ஒன்பது மணிக்கு, வன்னிப் பஸ் ஒன்பதே காலுக்கு. வராத பிள்ளைக்குத் தோல்வி. இதற்கு விதிக்குள்ளேயே ஓர் இடம் உண்டு: முன்கூட்டியே கேட்டால் ஒரு சுற்றை ஆடாமல் அரைப் புள்ளி பெறலாம் என்று ஏற்பாட்டாளர் அறிவிக்கலாம், மென்பொருளில் அதைக் குறிக்கவும் முடியும். ஆனால் அறிவித்திருக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவாக. தெரிந்த பயிற்றுநர் தொலைபேசியில் கேட்டு வாங்கினால் அது சலுகை. தெரியாதவரின் பிள்ளை அதே பஸ்ஸில்தான் வந்திருக்கும்.

மூன்றாவது, கை வைப்பது. எந்த மென்பொருளிலும் நடுவர் ஒரு சோடியைக் கையால் மாற்றலாம், முடிவைத் திருத்தலாம். அந்த வசதி தேவை, தவறு நடக்கும். ஆனால் ஒட்டிய சோடிப் பட்டியலை அப்பட்டமான விதிமீறல் இருந்தாலொழிய மாற்றக்கூடாது என்பது விதி. ஒரே பாடசாலைப் பிள்ளைகள் கடைசிச் சுற்றில் மோதி, ஒருவருக்கு ஒருவர் புள்ளி விட்டுக்கொடுப்பதைத் தவிர்க்க அவர்களைப் பிரிக்க விரும்பினால், அதையும் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யலாம். நான் பார்த்த அளவில் திட்டமிட்ட மோசடி குறைவு. மிக அதிகமாக நடப்பது முடிவை மாற்றிப் பதிவதுதான். வெள்ளை வென்றதைக் கறுப்பு வென்றதாக ஒரு விசை தட்டினால், அடுத்த சுற்று முழுதும் பிழையாகிவிடும். இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட்ட துண்டு, அடுத்த சோடிக்கு முன் ஐந்து நிமிடம் முடிவுகளைச் சுவரில் விடுவது ஆகிய இரண்டும் எந்த மென்பொருளையும் விடப் பெறுமதியானவை.

இப்போது எல்லாச் சண்டைக்கும் தாய்ச் சண்டை: சம புள்ளி. இதை ஏதோ அபூர்வமாக நடப்பது போல ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். 32 பேர், 5 சுற்று, சமநிலை இல்லை என்றால், 5 புள்ளி ஒருவர், 4 புள்ளி ஐந்து பேர். இரண்டாம், மூன்றாம் பரிசுகள் அந்த ஐவரில் யாருக்கு என்பதைச் சமன்முறிப்பு விதிதான் எப்போதும் தீர்மானிக்கிறது. மிகப் பழகியது புக்ஹோல்ஸ்: ஒருவர் ஆடிய எதிராளிகள் எல்லோரும் கடைசியில் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. கிளிநொச்சிப் பையன் நான்கு வென்று கடைசிச் சுற்றில் வெற்றியாளரிடம் தோற்றான். அவனது எதிராளிகளின் புள்ளிகள் 2, 3, 3, 3, 5, மொத்தம் 16. கொடிகாமத்துப் பிள்ளை முதற் சுற்றில் தோற்று, பிறகு தோற்றவர்களுக்குள் நான்கு வென்றது; எதிராளிகள் 3, 1, 2, 2, 3, மொத்தம் 11. இருவருக்கும் 4 புள்ளி. பையன் ஏறிய மேடு செங்குத்தானது, அவன் மேலே. இதைப் பரிசளிப்பு மேடையில் முதன்முதலாகக் கேட்கும் தகப்பனுக்குச் சூழ்ச்சி போலத்தான் கேட்கும். காலையில் ஒரு தாளில் ஒட்டியிருந்தால் கேட்காது.

உலக மட்டத்திலும் இதுதான். 2022 ஜூலை, ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டில் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகளில் சமமாக நின்றன; பெண்கள் பிரிவில் உக்ரைனும் ஜோர்ஜியாவும் 18இல். இரண்டு தங்கங்களும் சமன்முறிப்பில்தான் போயின. போரின் நடுவே வந்த உக்ரைன் பெண்கள் தங்கம் பெற்றார்கள். கணக்கு என்ன என்பது முதல் நாளே எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்தது.

கரத்துக்கு வருவோம், ஏனென்றால் சனசமூக நிலையங்களில் சதுரங்கத்தை விட அதுதான் அதிகம். அங்கே இன்னொரு சிக்கல்: பலகை. ஒரு பலகை வழுக்கும், இன்னொன்று மழைக்காலத்து ஈரத்தில் இழுக்கும், மூன்றாவதன் மூலை ஒன்று தாழ்ந்திருக்கும். சொந்தக் கழகத்து ஆளுக்கு அந்த மூலை தெரியும். இதற்குப் பதில் தேடும்போது எனக்குக் கிடைத்தது நாங்கள் யாரும் ஆடாத ஒரு விளையாட்டிலிருந்து. பின்போல் என்பது கண்ணாடி மூடிய சரிவு மேசையில் இரும்புக் குண்டைத் தட்டித் தட்டி விழாமல் வைத்திருக்கும் ஆட்டம். அமெரிக்காவில் அதற்குத் தரவரிசையும் சம்மேளனமும் இருக்கின்றன. ஒரே வகை மேசைகள் இரண்டிலும் சரிவு ஒன்றாக இராது. ஒரு மேசையில் எடுக்கும் இலட்சங்களை மற்றதோடு ஒப்பிடவும் முடியாது. ஆகவே அவர்கள் மட்ச்பிளே போன்ற மென்பொருளில் எதிராளியோடு சேர்த்து மேசையையும் கொடுக்கிறார்கள். யார் எந்த மேசையில் எத்தனை தரம் ஆடினார், எத்தனை தரம் முதலில் ஆடினார் என்று கணக்கு வைத்து, குறைவாக ஆடிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். நால்வர் ஆடினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்துக்குத்தான் புள்ளி: 7, 5, 3, 1. இன்னொரு வகையில், மூன்று தரம் தோற்றால்தான் வெளியே. கரோலின் மூன்று ஞாபகம் வருகிறது.

கரத்தில் இதைச் செய்ய மென்பொருள் கூடத் தேவையில்லை. பலகைகளுக்கு இலக்கம் போட்டு, ஒரு எக்செல் தாளில் ஆளுக்கு நேரே பலகை இலக்கத்தைப் பதிந்தால் போதும். ஒரே பலகையில் இரண்டாம் முறை வந்தால் மாற்றிவிடலாம். மூன்று தோல்வி வரை நேரம் இல்லாவிட்டால் இரண்டு தோல்வி என்று வைக்கலாம். ஒரு மழை நாள் ஈரப் பலகையில் தோற்ற பெடியனுக்கு இன்னொரு பலகையில் ஒரு தரம்.

கடைசியாக மின்சாரம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, அச்சுப்பொறிக்கு இல்லை. பட்டியலைக் கையால் எழுதி ஒட்டலாம், வாசித்தும் சொல்லலாம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பை ஒரு பென்டிரைவில் பதிந்து, ஏற்பாட்டுக் குழுவில் இல்லாத ஒருவரிடம், உதாரணமாக வெளிப்பாடசாலைப் பயிற்றுநர் ஒருவரிடம், கொடுத்து வைக்கலாம். பிறகு யாரும் வந்து கேட்டால் அதே கோப்பைத் திறந்து, அதே விதியில் அதே சோடி வருகிறதா என்று பார்க்கலாம். பழைய அட்டைகளையும் எறிய வேண்டாம். 32 அட்டையும் ஒரு ரப்பர் பட்டியும் ஒரு மேசை லாச்சியில் கிடக்கட்டும், மடிக்கணினி நின்றுபோனால் மூன்றாம் சுற்றிலிருந்து அதில் தொடரலாம்.